தேவகியின் சிவப்பு எண்ணெய்

தேவகி என் பட்டறைக்கு முதன்முதலில் வந்த அன்று வணக்கம் சொல்லவில்லை, என் சட்டையைப் பிடித்தாள். இடது கக்கத்தில் ஊன்றுகட்டை, வலது கையில் என் காலர். பின்னால் அவளுடைய பழைய கார் உறுமிக்கொண்டு நின்றது. அது வெள்ளை நிறம் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு துரு.

"பாய், பொன்னேரியில ஒரு பேமானி இந்த வண்டி கியரு சீக்கிரமே பூடும்னு சொல்லிட்டான். நீயும் அதையே சொன்னன்னு வெய்யி, இங்கியே உன் பல்ல ஒடச்சிருவன். இது பூட்ச்சின்னா எனக்குக் காலு இல்ல."

என் பெயர் உவைஸ். பழவேற்காடு கடைத்தெருவில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. என் பட்டறையில் ஸ்பேனர் பறக்காத நாளே கிடையாது என்று என் மனைவி ஹஃபீஸா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட என் காலரையே ஒருத்தி பிடிப்பதா? பதிலுக்குக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கண் கீழே போனது. இடது முழங்காலுக்குக் கீழே புடவை மட்டும் காற்றில் ஆடியது. வாயை மூடிக்கொண்டு பானெட்டைத் திறந்தேன்.

அந்தக் கால் எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் அந்த கியர்பாக்ஸின் அருமை புரியும்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இறால் ஓடும் நீரோட்டங்களில் எந்த ஊர்க்காரர்கள் எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஊர்ப் பெரியவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். முறை தவறி அடுத்தவன் பாட்டில் வலைக்கம்பு ஊன்றினால் அது வீடு புகுந்து அடித்த மாதிரி. தேவகியின் ஊர் தாழந்திட்டு, கடலோரக் குப்பம். அடுத்த குப்பம் நண்டோடை. தாழந்திட்டின் பாட்டு நாளில் நண்டோடைக்காரர்கள் வலை கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு ஊரும் ஏரிக்குள் இறங்கிவிட்டன. அங்கே தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும், நின்றே வெட்டிக்கொள்ளலாம். ஆண்கள் மீன் குத்தும் ஈட்டியான சுளுக்கியும் துடுப்பும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் மிளகாய்த் தூளைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டு போனார்கள். தேவகி மீன் அரியும் கத்தியோடு போய் எதிரி வலையை அறுக்க ஆரம்பித்தாள்.

நண்டோடை முத்துராஜ் அப்போது சின்ன வயதுக்காரன், மீசை முளைத்த திமிர். படகின் பின்னால் நீளத் தண்டில் சுற்றும் விசிறியை, எஞ்சின் ஓட ஓடத் தண்ணீரிலிருந்து தூக்கி அவள் பக்கம் வீசினான். பயமுறுத்தத்தான் வீசினேன் என்று பிற்பாடு கோர்ட்டில் சொன்னானாம். விசிறி பயமுறுத்தவா செய்யும்? தேவகியின் கெண்டைக்கால் கந்தலாகித் தண்ணீரெல்லாம் சிவந்தது. அந்த நிலையிலும் அவள் முந்தியில் முடிந்திருந்த மிளகாய்த் தூளை அவன் கண்ணில் எறிந்துவிட்டுத்தான் விழுந்தாள் என்பார்கள்.

கேஸ் நடந்தது, அவன் கொஞ்ச காலம் உள்ளே இருந்தான், வெளியே வந்தான். சமாதானப் பேச்சு நடந்தது. தேவகி மட்டும் சமாதானம் ஆகவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவியதும் நண்டோடை இருக்கும் திசையைப் பார்த்து முத்துராஜுக்கு ஒரு சாபம் விட்டுவிட்டுத்தான் டீ குடிப்பாள். சாமி கும்பிடுவது கூடத் தவறும், அது தவறாது.

கால் போனபின் அவளை யாராவது தூக்கி உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் மணலில் தவழ வேண்டும். கட்டை வைத்துத் தரையில் நடக்கலாம், கடற்கரை மணலில் கட்டை புதைந்துவிடும். குப்பம் முழுக்க மணல்தான். அவளுடைய சித்தப்பா மகன் விக்கி சென்னையில் பழைய கார் வாங்கி விற்பவன். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று கிடைத்ததும் இவளுக்குக் கொண்டுவந்து ஓட்டக் கற்றுக் கொடுத்தான். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி. வலது கால் ஒன்று போதும். அதன்பின் தேவகியை வீட்டில் யார் பார்த்தார்கள்? மீன்கூடைக்காரிகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்கு, பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு. திருப்பாலைவனம் வளைவில் பஸ்காரனையே ஒதுங்க வைப்பாள். ஒதுங்காத ஒரு டிரைவரை ஜன்னல் வழியாகக் கட்டையால் அடித்த கதையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட வண்டியின் கியர்தான் இடறிக்கொண்டிருந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் சும்மா அலறும், வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் போகும்.

வண்டி என்று வந்துவிட்டால் இந்த ஊரில் ஆளாளுக்கு வைத்தியர். ஒருத்தன் மெஷின் வைத்து மொத்த கியர் எண்ணெயையும் ஒரே மூச்சில் அடித்துக் கழுவு என்றானாம். இன்னொருத்தன் எல்லா வண்டிக்கும் ஆகும் என்று ஏதோ ஒரு டப்பாவைத் தலையில் கட்டப் பார்த்தானாம். எனக்கு ரத்தம் கொதித்தது. பழைய கியர்பாக்ஸை ஒரே நாளில் கழுவினால், உள்ளே வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கும் அழுக்கு கிளம்பிப் போய்ச் சின்னச் சின்ன துவாரங்களை அடைத்துக்கொள்ளும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் ஆகிவிடுமா? உள்ளே தாள் ஒட்டிய தகடுகள் ஒன்றை ஒன்று பிடிப்பதில்தான் வண்டியே நகர்கிறது. எந்தப் பிடிக்கு எந்த எண்ணெய் என்று வண்டி செய்தவன் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியிலேயே பொறித்து வைத்திருக்கிறான். அதைப் படிக்காமல் ஊற்றுகிறவன் கையை ஒடிக்க வேண்டும்.

நான் பொறிக்கப்பட்டிருந்த ரகத்தையே வரவழைத்தேன். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது, இரும்புச் செதில் ஏதும் இல்லை. அல்லாவுக்கு நன்றி சொன்னேன், செதில் இருந்திருந்தால் என் பல்லுக்கு ஆபத்து. காந்தத்தைத் துடைத்து, உள் ஃபில்டரைப் புதிதாக மாட்டினேன். எண்ணெய் குளிர்ந்து திரும்பும் ரப்பர் குழாயில் வெளியே ஒரு ஃபில்டரும் கூடுதலாகப் போட்டேன், உள்ளது விட்டதை அது பிடிக்கட்டும் என்று. வடிந்த அளவுக்கு மட்டும் புதுசு ஊற்றினேன். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வா, மறுபடி கொஞ்சம் வடிப்போம், மறுபடி கொஞ்சம் ஊற்றுவோம், பழசு மெள்ள மெள்ள வெளியே போகட்டும் என்றேன்.

"குய்ந்தைக்கு மருந்து குடுக்கற மாதிரி கீது," என்றாள் தேவகி.

"குழந்தை மாதிரிதான் பார்க்கணும். தண்ணி மட்டும் பட்டுறக் கூடாது. ஒரு சொட்டு உப்புத்தண்ணி உள்ள போச்சுன்னா அந்தத் தகட்டுல ஒட்டின தாளு உரிஞ்சிரும். அப்புறம் என்னைக் கூப்பிடாதே."

பார்த்தாள், என்னமாய்ப் பார்த்தாள்! தினமும் எஞ்சினைச் சூடாக்கி, அளவுக்கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் ஒற்றி, நிறம் பார்த்து, மோந்து பார்ப்பாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற கை அது. சிவந்திருந்தால் நல்லது, பழுப்பேறியிருந்தால் கெட்டது. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடறல் குறைந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் ஹாரனை அழுத்திக்கொண்டே போவாள், அதுதான் அவள் நன்றி சொல்கிற விதம்.

இதற்கு எமனாக வந்தவன் முத்துராஜ் இல்லை, அவளுடைய புருஷன் தசரதன்.

தசரதன் பொல்லாதவன் இல்லை. பெண்டாட்டி மேல் உயிர். மூளைதான் முழுக்கப் படகிலேயே இருக்கிறது. அடித்தட்டு ஏதோ நங்கூரக் கல்லில் இடித்து லேசாக ஒழுக, வண்டிக்கு அடியில் மணல் சிவந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான். தேவகி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்புவானேன் என்று நினைத்திருக்கிறான். கொட்டச் சொல்லி நான் வடித்துக் கொடுத்த பழைய எண்ணெயை இந்த மகராசன் கொட்டாமல், அடியில் ஏரித் தண்ணீர் தங்கிய படகு டீசல் கேனில் ஊற்றி வைத்திருந்தான். படகுக்காரன் எதையும் கொட்ட மாட்டான். டீசலில் ஏரித் தண்ணீர் கலந்தால் கேனை அசையாமல் வைப்பார்கள், தண்ணீர் அடியில் தங்கும், மேலாக எடுத்து வேட்டியை மடித்து வடிகட்டி ஊற்றுவார்கள். எஞ்சின் தேர் மாதிரி ஓடும். அதே வைத்தியத்தைப் பண்ணி, கேனில் இருந்த பழைய எண்ணெயை வண்டியில் ஊற்றிவிட்டான். டீசலில் தண்ணீர் பிரியும், இந்த எண்ணெயில் பிரியாது, கலந்து பாலாகிவிடும் என்று படகில் பிறந்து படகில் வளர்ந்தவனுக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் பொன்னேரிக்குப் போய்த் திரும்பும் வழியில் வண்டி திணறியது. எப்படியோ வீடு வந்து சேர்ந்து, கம்பியை உருவிப் பார்த்தால் ரோஸ் மில்க் மாதிரி எண்ணெய். எனக்கு போன் செய்தாள். வழக்கமாகத் திட்டுகிறவள் அன்று திட்டவில்லை.

காலையில் புது எண்ணெயும் ஃபில்டரும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டி வலைக்கொட்டகைக்குள் கடலைப் பார்த்து மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. கம்பியைப் பார்த்ததும் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது.

"பொழைக்குமா பாய்?"

"ரோட்டுல ஓட்டாம இப்பவே திரும்பத் திரும்ப வடிச்சு வடிச்சுப் புதுசு ஊத்தினா பொழைச்சாலும் பொழைக்கும். ஆனா இப்படியே ஓட்டினேன்னா தகடு அத்தனையும் உரிஞ்சிரும். ரோட்டைத் தாண்டாது. எவன் தண்ணி ஊத்தினான் இதுல?"

தசரதன் கையைப் பிசைந்துகொண்டு வந்தான். "வடிகட்டித்தான் ஊத்தினன், பாய். வேட்டிய நாலா மடிச்சு..."

தேவகி கட்டையைச் சுழற்றி அவன் தோளில் போட்டாள். அவன் உட்கார்ந்தான். முதுகில் போட்டாள். "என் காலுல தண்ணிய ஊத்திட்டியேடா பாவி! என் காலுலயே ஊத்திட்டியே!" அடிக்க அடிக்க அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் தடுக்கவில்லை. தடுத்தால் எனக்கும் விழும், அதோடு எனக்கும் அவனை அடிக்க வேண்டும்போல்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஏரிக்கரையிலிருந்து சத்தம் வந்தது. நண்டோடைக்காரர்கள் மறுபடியும் தாழந்திட்டின் பாட்டில் கம்பு ஊன்றுகிறார்களாம். தசரதன் எழுந்தான். அடிபட்ட அவமானமோ, குற்ற உணர்ச்சியோ, கொட்டகையில் சாத்தியிருந்த சுளுக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஊரே ஓடியது.

நான் கலவரங்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. யா அல்லா, அன்று பார்த்தேன். துடுப்பு மண்டையில் இறங்கும் சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம். சோடா பாட்டில்கள் பறந்தன. ஒருவனை இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். ஒருத்தி கையில் வலைக்கம்பு, எதிரே வந்தவனின் விலாவில் குத்திக் குத்தி எடுத்தாள். நண்டோடைக்காரர்கள் தாங்க முடியாமல் படகேறி ஓடினார்கள். ஒருவனை மட்டும் கரைச் சேற்றிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வயிற்றில் சுளுக்கியோடு கிடந்தான், முத்துராஜ். சுளுக்கி தசரதனுடையது.

சுற்றி நின்றவர்கள் அவனை முடித்துவிடத் தயாராக இருந்தார்கள். "தேவகியக் கூப்புடு, அவ கையால வெட்டட்டும்!" என்று எவனோ கத்தினான். தேவகி கட்டையை ஊன்றி ஊன்றி, மணலில் புதைந்து விழுந்து எழுந்து, அவன் முன்னால் போய் நின்றாள். கூட்டம் வழி விட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யக்கா," என்றான்.

அவள் காறித் துப்பினாள். சரியாக அவன் முகத்தில். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "தூக்குங்கடா இவன. என் வண்டியில போடுங்க."

ஒருத்தரும் அசையவில்லை.

"இவன் செத்தா என் புருசன் கொலகாரன். அதுகூட வுடு. இவன் செத்துட்டா நான் தெனமும் யாருக்குடா சாபம் வுடறது? தூக்குங்கடா!"

குப்பத்தையும் பழவேற்காட்டையும் சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறது, கல்வீச்சால் போலீஸ் இந்தப் பக்கம் விடவில்லை என்று போன் வந்திருந்தது. நான் ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தேவகி, வேணாம். ஸ்டார்ட் பண்ணினா உன் வண்டி முடிஞ்சுது. நான் சொன்னேன் இல்ல, பொழைக்க வழி இருக்குன்னு? வேற எதுலயாவது கொண்டுபோகட்டும்."

"மோட்டார் சைக்கிள்ல சுளுக்கியோட ஒக்கார வெப்பியா? கம்முனு வண்டியில ஏறு பாய், அவன் வவுத்தப் புடிச்சுக்க ஆளு வேணும்."

தசரதன்தான் முதலில் குனிந்தான். சுளுக்கியின் நீளக் கம்பை முறித்துவிட்டு, அவனும் நானும் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். அதைப் பார்த்ததும் ஊருக்கு வெறி வந்துவிட்டது. எதிரியைக் காப்பாற்றுகிறாள்! முதல் கல் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது தேவகியின் நெற்றியில். வண்டியில் ஏறப்போனவள் திரும்பி, கையிலிருந்த கட்டையையே கூட்டத்தின் மேல் வீசி எறிந்தாள். சீட்டில் விழுந்து, ரத்தம் கண்ணில் வழிய, சாவியைத் திருப்பினாள்.

ரிவர்ஸ் போட்டுக் கொட்டகையை விட்டு வண்டியைச் சாலைக்கு எடுத்தாள். திருப்புவதற்காக, முன்னால் போகும் கியரான டி-யில் போட்டாள். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தாள். இன்னும் அலறியது. முன்னால் போகிற தகடுகள் போய்விட்டன. அவ்வளவு வேகமாகப் போகும் என்று நானே நினைக்கவில்லை. கூட்டம் கம்போடு ஓடி வந்துகொண்டிருந்தது.

"ரிவர்ஸுக்கு வேற தகடு. அது இன்னும் இருக்குது. அப்படியே போ!" என்று கத்தினேன்.

அப்படியே போனாள். குப்பத்திலிருந்து பாலம் வரை, பாலத்தின் மேலேயும், பின்பக்கமாகவே. பானெட்டில் கம்பால் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே கூட ஓடி வந்து, பிறகு சின்னதாகிப் போனார்கள். பின்பக்கமாக ஓட்டுகிறவள் எங்கே பார்ப்பாள்? உடம்பை முறுக்கித் திரும்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதற்குக் கீழே முத்துராஜின் முகம். இத்தனை வருஷம் திசையைப் பார்த்துத் திட்டியவள், அன்று வழி முழுக்க அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதாகிவிட்டது. அவனும் அவளைத்தான் பார்க்க முடிந்தது, வேறெங்கும் திரும்ப முடியாது. நான் அவன் வயிற்றைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சூடான ரத்தம்.

"கண்ண மூடாதடா. மூடின, நானே கொன்னுருவன்."

"யக்கா... வுட்றாதக்கா..."

"பேசாதடா சோமாரி. என் மூஞ்சப் பாரு. நல்லாப் பாரு."

கருகின வாடை வந்தது. தரைக்கு அடியிலிருந்து புகை வந்தது. பாலத்தின் மேல் வண்டி இடறத் தொடங்கியது, பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. தேவகி ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தாள். அவ்வளவு திட்டுகிற வாயிலிருந்து, "வாம்மா, வாம்மா, கண்ணு, இன்னும் கொஞ்சம்," என்று வந்தது. அது முத்துராஜுக்கு இல்லை, எனக்கும் இல்லை. பாலம் இறங்கிய இடத்தில் வண்டி நின்றது. ஆம்புலன்ஸ் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது.

ஸ்ட்ரெச்சரைக் கொண்டு ஓடிவந்தார்கள். அவனைத் தூக்கும்போது அவன் கை தேவகியின் தோளைத் தேடியது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"ஒரு கால நீ எடுத்த. இன்னொண்ண நானே குட்த்துட்டன். போடா."

அவன் பிழைத்துக்கொண்டான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தசரதன் மேல் கொலைக் கேஸ் இல்லை, குத்திய கேஸ்தான்.

ஆம்புலன்ஸ் போனதும் ஒரு போலீஸ்காரர் வந்து ஜன்னலில் குனிந்தார். "வண்டிய ஓரங்கட்டும்மா, வழி வேணும்."

தேவகி கீழே இறங்கக் கட்டையைத் தேடினாள். சீட்டுக்கு அடியில் துழாவினாள், பக்கத்தில் துழாவினாள். "பாய், என் கட்ட எங்க?"

"ஊர்லயே வீசிட்டு வந்துட்டே."

 அவள் லிவரை டி-க்குத் தள்ளி மிதித்தாள். எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினாள். அலறியது. மறுபடி டி. மறுபடி ரிவர்ஸ். நான் "போதும் தேவகி" என்று அவள் கையைப் பிடித்தேன். கால் போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை என்று தாழந்திட்டில் பெருமையாகச் சொல்வார்கள். பாலம் முடிகிற இடத்தில், நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அன்று அழுதாள். யாராவது தூக்கினாலொழிய அவளால் இறங்க முடியாது, நான்தான் கதவைத் திறந்தேன்.